ஸ்கீம் ப்ரோக்ராமிங் லாங்குவேஜ்ல ப்ராம்ப்ட் (யூசர்கிட்ட கேக்கற கேள்வி) லேட்டா வருது, ஏன்?

கேள்வி: டிஸ்ப்ளே ஃபங்ஷன்ல "வயசு என்ன?"ன்னு கேட்டுட்டு ரீட் ஃபங்ஷன்ல பதிலை வாங்கறேன், ஆனா நான் 25னு தட்டி என்டர் அடிச்சப்புறம்தான் கேள்வியே ஸ்கிரீன்ல வருது, அடுத்து ஒரு முழு வரியை வாங்கற ரீட்-லைன்ல பேர் கேட்டா நிக்காம காலி ஸ்டிரிங் (எழுத்தே இல்லாத டெக்ஸ்ட்) வந்துடுது. ரெண்டு நாளா மண்டை காயுது.

பதில் 1: முதல்ல சொன்னது பஃபர் பிரச்சனை, அதாவது எழுதினது உடனே ஸ்கிரீனுக்குப் போகாம மெமரில தங்கிடுது. டிஸ்ப்ளேக்கு அடுத்து, தங்கினதை வெளிய தள்ளற ஃப்ளஷ்-அவுட்புட்-போர்ட் கூப்பிடுங்க, 2013ல வந்த ஆர்7ஆர்எஸ்ங்கற ஸ்கீம் ஸ்டாண்டர்ட்லயே இருக்கு.

பதில் 2: ரீட் அந்த 25ஐ மட்டும்தான் எடுக்கும், பின்னாடி இருக்கற நியூலைன் (என்டர் அடிச்ச குறி) அப்படியே கிடக்கும், ரீட்-லைன் அதைப் பார்த்துதான் காலி வரின்னு நினைச்சுக்குது. ரெண்டையும் கலக்கவே கலக்காதீங்க. எல்லாம் ரீட்-லைன்லயே வாங்கி, இன்புட் முடிஞ்சுதுன்னு சொல்ற ஈஓஎஃப்-ஆப்ஜெக்ட்டான்னு மொதல்ல பாருங்க (யூசர் கன்ட்ரோல்-டி அடிச்சா அது வரும்), அப்புறம் ஸ்டிரிங்->நம்பர் வச்சு எண்ணா மாத்துங்க. தப்பா தட்டினா ஃபால்ஸ் வரும், திரும்பக் கேளுங்க.

கேட்டவர்: ரெண்டும் சரியாயிடுச்சு, ரொம்ப நன்றிங்க!