1880களின் படுவான்கரையில் கண் தெரியாத ஒரு பெண்: கதையில் எப்படிக் காட்டுவது?

வாவிக்கரையாள் எழுதியது:

வணக்கம். எனக்கு ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம். ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் 1880கள், இடம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு வயல் ஊர். கதை முழுக்கப் பொன்னம்மை என்ற பெண்ணைச் சுற்றித்தான். ஏழு வயதில் அம்மாள் வருத்தம் (பெரியம்மை) வந்து உயிர் தப்பியவள், ஆனால் இரண்டு கண்ணிலும் பூ விழுந்து பார்வை போய்விட்டது. எங்கள் பெத்தா (பாட்டி) தன்னுடைய பெத்தாவைப் பற்றிச் சொன்ன கதைகளில் இருந்துதான் இவள் வந்தாள்.

வரைவை இரண்டு பேருக்கு வாசிக்கக் கொடுத்தேன். ஒருவர் சொல்கிறார், அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்களை வீட்டுக்குள் மறைத்து வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் கோயில் வாசலில் பிச்சைக்கு விட்டிருப்பார்கள், நீங்கள் இவளை நெல் குத்த வைத்திருப்பது நம்பும்படியாக இல்லை என்று. மற்றவர் 'குருடி' என்று வருகிற இடமெல்லாம் சிவப்பில் கோடு போட்டுத் தந்திருக்கிறார்.

பெத்தா சொன்னது வேறு மாதிரி. எதிரும் புதிருமாக நின்று சோடி போட்டுக் குத்தும்போது மற்றவளின் உலக்கை விழும் சத்தத்தை வைத்தே இவள் தன் உலக்கையைப் போடுவாளாம், ஒருநாளும் இரண்டு உலக்கையும் முட்டியதில்லையாம். உரலுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து விரலால் நெருடிப் பார்த்து, 'இன்னும் தவிடு போகவில்லை' என்பாளாம், கண் தெரிந்தவர்கள் அதற்குப் பிறகுதான் சுளகை எடுப்பார்களாம். இதை நான் வெட்ட மாட்டேன். ஆனால் சுற்றியிருந்தவர்கள் அவளை எப்படி நடத்தியிருப்பார்கள் என்பதில்தான் எனக்குத் தடுமாற்றம். கொடுமையாகக் காட்டினாலும் பொய் மாதிரி இருக்கிறது, அன்பாகக் காட்டினாலும் பொய் மாதிரி இருக்கிறது.

அக்கரைப்பற்று வாத்தியார் எழுதியது:

சகோதரி, நெல் குத்துகிற இடத்தை எடுக்கவே வேண்டாம். வயல் ஊரில் வேலை செய்யக்கூடிய ஒரு சோடிக் கையை யார் சும்மா இருக்க விட்டார்கள்? மறைத்து வைப்பதற்கு வசதி வேண்டும். வயல் சொந்தக்காரரான போடியார் வீட்டில் வேண்டுமானால் மறைத்து வைத்திருப்பார்கள், அவருடைய வயலில் வேலை செய்கிற முல்லைக்காரன் வீட்டில் நெல்லும் குத்தி, பன்பாயும் இழைத்து, தங்கச்சியின் பிள்ளையையும் இடுப்பில் வைத்திருப்பாள்.

ஆனால் அவள் வேலை செய்தாள் என்பதால் அவளை மதித்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். நம்முடைய பக்கத்தில் தாய்வழிக் குடி, தமிழரிலும் முஸ்லிம்களிலும் அப்படித்தான். வீடு பெண்ணுக்கு. மூத்தவளுக்குக் கலியாணம் என்றால் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், தாய் தகப்பன் மற்றப் பிள்ளைகளோடு வேறு வீடு கட்டிப் போவார்கள், அடுத்தவளுக்கு அதுவும் போகும். பொன்னம்மை மூத்தவளா, இளையவளா? மூத்தவள் என்றால் அவள் பெயருக்கு வரவேண்டிய வீடு தங்கச்சிக்குப் போகிறது, ஒருவரும் சத்தம் போடாமல், மிகவும் அன்பாக, 'உனக்கெதற்கு வீடு மகளே, நாங்கள் பார்க்க மாட்டோமா' என்று சொல்லிக்கொண்டே. நீங்கள் தேடுகிற கொடுமை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடியும் ஏச்சும் தேவையில்லை.

இன்னொன்று. உங்கள் கதைக்குள் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். மட்டக்களப்பில் மெதடிஸ்த மிசன் 1814இல் இருந்தே இருக்கிறது, பள்ளிக்கூடங்களும் இருந்தன, ஆனால் கண் தெரியாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் என்று மேரி சப்மன் அம்மையார் பள்ளிக்கூடம் தொடங்கியதே 1912இல்தான். அதுபோல் அவளைப் பட்டினத்துக்குக் கூட்டிப்போகும்போது கல்லடிப் பாலத்தில் நடக்க வைக்கவும் முடியாது, பாலம் 1924. படுவான்கரையில் இருந்து பட்டினம் இருக்கிற புளியந்தீவுக்குப் போக வாவியைத் தோணியில்தான் கடக்க வேண்டும்.

ஒற்றைக்கால் எழுதியது:

அக்கா, எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, 1990களில் கண்ணிவெடியில் போனது. இந்தப் பெயரை நானே வைத்துக்கொண்டேன், அதனால் சொல் பற்றி நான் பேசலாம் என்று நினைக்கிறேன்.

'குருடி' என்பதை எடுக்காதீர்கள். 1880இல் ஒரு ஊர்ச்சனம் 'பார்வைத் திறன் குறைந்தவர்' என்று பேசினால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். நொண்டி, சொத்தி, ஊமை, செவிடன் என்று ஆளைப் பட்டத்தால் கூப்பிடுவது நம் ஊர்களில் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் யாருடைய வாயில் வருகிறது என்று ஒவ்வொரு இடத்திலும் பாருங்கள். சனங்கள் சொல்லட்டும். கதை சொல்கிற நீங்கள் ஒரு தடவைகூடச் சொல்லக்கூடாது, உங்களுக்கு அவள் பொன்னம்மை. அந்த ஒரு வித்தியாசம் போதும், வாசிப்பவர்களுக்கு விளங்கும்.

அப்புறம் தயவுசெய்து அவளை நல்லவளாக மட்டும் எழுதாதீர்கள். கண் தெரியாதவர் கதையில் வந்தால் ஒன்று பாவம், இல்லையென்றால் ஞானி. பழைய ஆட்களிலும் நமக்குப் பெயர் மிஞ்சியது அதிசயமாக நின்றவர்களுக்குத்தான். அந்தகக்கவி வீரராகவ முதலியாரைப் பாருங்கள், ஈழத்துக்கு வந்து பரராசசேகரனைப் பாடிப் பரிசு வாங்கினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள், கண் தெரியாதது அவருக்குப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. பாட்டுக் கட்டத் தெரியாத, கோபம் வருகிற, தங்கச்சி புருசனைப் பிடிக்காத, சோற்றில் மீன் துண்டு குறைந்தால் சண்டை பிடிக்கிற ஒரு கண் தெரியாத பெண்ணைத் தமிழில் எனக்கு ஒருவரும் காட்டவில்லை. எனக்குக் கால் போன பிறகு எல்லாரும் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அது ஏச்சை விட வலித்தது, அதை எழுதுங்கள்.

பழைய நேர்ஸ் எழுதியது:

நான் ஓய்வுபெற்ற தாதி. அம்மாள் வருத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அம்மைப்பால் (அம்மைத் தடுப்பூசி) குத்துவது இலங்கைக்கு 1802இலேயே வந்துவிட்டது. அப்படியென்றால் 1880களில் ஒரு வீட்டில் குத்தினார்களா, ஒளித்தார்களா என்ற கேள்வி கதைக்குள் வரத்தான் வேண்டும். அம்மாள் பார்க்க வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிக் கதவைச் சாத்தியவர்களை நாம் அறிவில்லாதவர்கள் என்று எழுதக்கூடாது, பிள்ளையைக் காப்பாற்றத்தான் அதைச் செய்தார்கள். தாய் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு நேர்ந்து, வெள்ளியில் கண்மலர் செய்வித்துக் கொண்டுபோகிறாள், அடுத்த வருசமும் போகிறாள். எத்தனையாவது வருசம் அவள் போவதை நிறுத்தினாள்? அதை யோசித்துப் பாருங்கள்.

தம்பி சொன்ன ஊர்ச்சனத்தின் வாய் வேறு, சட்டம் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கண் போனவளை ஊர் வைத்துக்கொண்டது, தொழுநோய் வந்தவரை வைத்துக்கொள்ளவில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் எந்தாளையில் ஒல்லாந்தர் 1708இலேயே அவர்களுக்கென்று விடுதி கட்டினார்கள். நோர்வேயில் அந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்தது 1873, இங்கே பிரித்து வைப்பதற்குச் சட்டம் வந்தது 1901. நம்முடைய வாவிக்குள் மாந்தீவில் தொழுநோய் ஆசுப்பத்திரி அதற்கும் பிறகு. பட்டினத்து வெளிச்சம் தெரிகிற தூரத்தில், தோணி இல்லாமல் திரும்ப முடியாத இடத்தில் வைத்தார்கள். அந்த நோயில் கை மரத்துப்போகும். அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, தோல் கருகின மணம் வந்த பிறகுதான் கையைப் பார்ப்பார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் பொன்னம்மை அவருக்குப் பக்கத்தில் போவாளா? அவளுக்கு அவருடைய முகம் தெரியாதே.

வாவிக்கரையாள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்க இருந்து இரண்டாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன்.

வாத்தியார் சேர், அவள் மூத்தவள்தான், நான் அதை யோசிக்கவே இல்லை. தங்கச்சியின் கலியாணத்துக்கு முதல் நாள் வீட்டைச் சுற்றிக் கையால் சுவரைத் தடவிக்கொண்டு வருகிறாள், மண் சுவரில் சின்ன வயதில் தான் பதித்த சிப்பி எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடி. யாரோ அன்றைக்குத்தான் புதிதாகச் சாணம் மெழுகியிருக்கிறார்கள், சிப்பி கைக்குத் தட்டுப்படவில்லை. தம்பி, அதற்கு அவள் அழவில்லை, மெழுகினவள் யார் என்று கேட்டுச் சண்டை பிடிக்கிறாள்.

அக்கா, ஒரு கேள்வி. அம்மாள் வருத்தத்தில் கண் போனவர்களுக்கு வெளிச்சமாவது தெரியுமா, இல்லை முழு இருட்டா? அவள் விளக்கு வைக்கிற நேரத்தை எப்படி அறிவாள் என்று எழுத வேண்டியிருக்கிறது.

பழைய நேர்ஸ் எழுதியது:

ஆளுக்கு ஆள் வித்தியாசம். பூ விழுந்த கண் சிலருக்கு வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் காட்டும், கண்ணே சுருங்கிப் போனவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் பூ விழுந்தது என்று எழுதியிருப்பதால் வெளிச்சம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். விளக்கு ஏற்றினால் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவாள்.