செம்மண் பாதையும் மலை இறக்கமும்: மைவிக்கு எந்த பிரேக் பேட், எந்த டிஸ்க்?

பீடோர்_செம்பனை:
அனைவருக்கும் வணக்கம். பீடோருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். என்னுடையது 2013ஆம் ஆண்டு 1.3 லிட்டர் பெரோடுவா மைவி கார்; பிரேக் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வீட்டிலிருந்து தோட்ட அலுவலகம் வரை செம்மண் பாதைதான். மழை என்றால் சேறு, வெயில் என்றால் பழ லோரி கிளப்பிவிடும் புழுதி. அவ்வப்போது குடும்பத்தோடு தாப்பா வழியாக ரிங்லெட்டில் இருக்கும் மாமனார் வீட்டுக்கும், அங்கிருந்து தானா ராத்தாவுக்கும் போய் வருவோம்.

சில வாரங்களாக நெடுஞ்சாலையில் பிரேக்கை அழுத்தினால் ஸ்டியரிங் அதிர்கிறது. மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கியதும் முன் இடது சக்கரத்தில் கருகிய வாடை வருகிறது. பட்டறையில் சக்கரத்தைக் கழற்றாமலேயே, டிஸ்க் கோணிவிட்டது என்றும், துளையிட்டு வரிப்பள்ளம் வெட்டிய டிஸ்க்கும் செராமிக் பேடும் போட்டால் சரியாகிவிடும் என்றும் கூறுகிறார்கள். இந்த வகை டிஸ்க் எனக்குத் தேவையா? பழையதை ஸ்கிம் செய்தால், அதாவது அதன் முகத்தைச் சீவிச் சமப்படுத்தினால், போதுமா? டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடில் எதைப் பார்த்து வாங்குவது?

ஈப்போ_ஸ்பேனர்:
தம்பி, சக்கரத்தைக் கழற்றாமல் சொல்லப்படும் எந்தக் காரணத்தையும் நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். சாதாரணக் காரில் வார்ப்பிரும்பு டிஸ்க் உண்மையிலேயே கோணுவது அரிது. பெரும்பாலும் நடப்பது வேறு: சூடேறிய பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் சீரற்றுப் படிகிறது, அல்லது டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு ஏறி டிஸ்க் மிகச் சிறிதளவு சாய்ந்து சுழல்கிறது. அப்படிச் சுழலும் டிஸ்க் பேடில் உரசி உரசி, ஓரிடத்தில் மெலிந்தும் வேறிடத்தில் தடித்தும் போகும். அந்த வேறுபாடுதான் உங்கள் கைக்கு அதிர்வாக வந்து சேர்கிறது. டயல் கேஜ் என்ற அளவுகருவியை வைத்து, சுழலும் டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். பல கார்களுக்கு 0.05 மில்லிமீட்டர் என்பதே ஏற்கத்தக்க எல்லை. ஹப்பைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க்கை மாட்டினால் கொஞ்ச நாளில் அதே அதிர்வு திரும்பி வரும்.

ஸ்கிம் செய்வதா மாற்றுவதா என்பதை டிஸ்க்கே சொல்லிவிடும். அதன் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்கிம் செய்த பிறகும் அந்த அளவுக்கு மேல் தேய்மானத்துக்கு இடமிருந்தால் செய்யலாம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.

துளையிட்ட டிஸ்க்கை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது துளைகளின் ஓரத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும். செம்மண் சேறு அந்தத் துளைகளை அடைத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். காரோடு வந்த அதே அளவு, அதே வகைச் சாதாரண டிஸ்க் போதும்.

தாப்பா_வளைவு:
பேடைப் பற்றி நான் சொல்கிறேன். பெட்டியில் உள்ள படத்தைவிட, பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்துகள் பயனுள்ளவை. முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வைக் காட்டும். இரண்டாவது எழுத்து நன்கு சூடேறிய நிலையில் உராய்வைக் காட்டும். ஈ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எஃப்ஈ என்று இருந்தால் சூட்டில் பிடி குறையும் என்று பொருள். மலை இறங்குபவருக்கு எஃப்எஃப் நல்லது. இது தரச் சான்றிதழ் அல்ல, தேய்மானத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, ஆனாலும் விற்பனையாளரின் வாய்ப்பேச்சைவிட மேல். ஐரோப்பிய ஆர்90 முத்திரை இருந்தால், காரோடு வந்த பேடோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

செராமிக் பேடில் சத்தமும் கரித்தூளும் குறைவு. இரும்பு இழை கலந்த செமி மெட்டாலிக் பேட் சூட்டை நன்றாகத் தாங்கும். பதிலுக்கு டிஸ்க்கைச் சற்று அதிகமாகத் தின்னும், சில நேரம் கிறீச்சிடும். சுமையோடு மலை இறங்கும் உங்களுக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஆனால் எந்தப் பேடும் காலின் பழக்கத்தை ஈடுகட்டாது. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் 1,400 மீட்டர் கீழே இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், அதே காரை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சுமார் 35 முறை நிறுத்துவதற்குச் சமம். கியரைத் தாழ்த்தி இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். ஆட்டோ கியரை வழக்கமான டி நிலையிலேயே விட்டு, பிரேக்கில் கால் வைத்தபடியே வந்தால் முழுச் சூடும் முன் டிஸ்க்கில்தான் இறங்கும்.

சுங்கை_வண்டி:
செராமிக் பேடை இவ்வளவு ஒதுக்க வேண்டியதில்லை. நல்ல தயாரிப்பாளரின் செராமிக் பேடைப் போட்டு இதே மலையில் நான் ஓட்டுகிறேன், குறை எதுவும் இல்லை. துளையிட்ட டிஸ்க் வேண்டாம் என்பதில் மட்டும் மற்றவர்களோடு உடன்படுகிறேன்.

பீடோர்_செம்பனை:
ஐயாமார்களுக்கு நன்றி. இன்று வேறொரு பட்டறையில் கழற்றிப் பார்த்தோம். இடது பக்கம் உள் பேட் 2 மில்லிமீட்டர்தான் மிச்சம், வெளிப் பேட் 6 மில்லிமீட்டர் இருக்கிறது. வலது பக்கம் இரண்டும் ஏறக்குறைய சமம். இடது டிஸ்க் குறைந்தபட்சத் தடிமனைத் தொட்டுவிட்டது. இது எதைக் காட்டுகிறது?

ஈப்போ_ஸ்பேனர்:
கருகிய வாடைக்கான காரணம் கிடைத்துவிட்டது. பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் நகர்ந்து போய் வரும் ஸ்லைட் பின் இடது பக்கம் இறுகியிருக்கிறது. அப்போது பிஸ்டன் தள்ளும் உள் பேட் மட்டுமே உழைக்கும், காலை எடுத்த பிறகும் டிஸ்க்கை விட்டு முழுமையாக விலகாது. சேற்றுப் பாதையில் ஓடும் கார்களில் பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுவதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். பின்னைக் கழற்றித் துருவை நீக்கி, உறையை மாற்றி, பிரேக்குக்கென உள்ள சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். பின்னில் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பிஸ்டன் கையால் தள்ளினால் உள்ளே போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு முன் இரண்டு டிஸ்க், நான்கு பேட், கூடவே பிரேக் எண்ணெய். அந்த எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறிய நிலையில் அந்த வரையறை 140 பாகைதான். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது அவசியம். கழற்றும்போது கரித்தூளைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள், மூச்சுக்குக் கேடு. பிரேக் கிளீனரால் கழுவட்டும்.

புதிதாக மாட்டியவுடன், பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக, வெறிச்சோடிய சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், மிதமாகப் பத்து முறை பிரேக் பிடியுங்கள். பிறகு பிரேக்கைத் தொடாமல் சற்று தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கைப் பேடால் இறுக்கிப் பிடித்தபடி நிற்காதீர்கள், அந்த இடத்தில் பேடின் தடம் பதிந்து அதிர்வு மறுபடி தொடங்கும். சக்கர நட்டுகளை ஏர் கன்னால் கண்மண் தெரியாமல் இறுக்கவும் விடாதீர்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால், எதிரெதிர் நட்டாக, கார்ப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.