இங்கிலாந்துக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? திரும்பிப் போய்ப் பார்க்கலாமா, வேண்டாமா?

நேவல்பேஸ்_பொண்ணு எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது சிங்கப்பூரில், செம்பவாங் நேவல் பேஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே ஸ்டோரில் குமாஸ்தா. 1968 ஜனவரியில் வெள்ளைக்காரன் தளத்தை விட்டுக் கிளம்பப்போகிறான் என்று அறிவிப்பு வந்ததிலிருந்து குவார்ட்டர்ஸ் முழுக்க அதே பேச்சுதான். சிலர் கேரளாவுக்கும் தஞ்சாவூருக்கும் திரும்பினார்கள். அப்பாவுக்கு எப்படியோ இங்கிலாந்தில் சாத்தம் கப்பல் தளத்தில் வேலை கிடைத்து, அதே வருஷம் அக்டோபர் கடைசியில் போய் இறங்கினோம். எனக்கு ஏழு வயது, தம்பிக்கு நாலு. டவுனில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் எங்கள் முகத்தைப் பார்த்ததும் "நேற்றுத்தான் ஆள் வந்துவிட்டது" என்பார்கள். கடைசியில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் சொல்லி, பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளி ஒரு கிராமத்தில் சின்ன வீடு கிடைத்தது. ஒரு தேவாலயம், ஒரு பப், மளிகையும் தபால் நிலையமும் சேர்ந்த ஒரே கடை, நடுவில் ஒரு புல்வெளி, சுற்றிலும் ஆப்பிள் தோட்டம், ஹாப்ஸ் கொடித் தோட்டம். 1977 வரை அங்கேதான் இருந்தோம்.

நாங்கள் இருந்த கெண்ட் மாவட்டத்துப் பக்கம் ஹாப்ஸ் காய வைக்க ஓஸ்ட் என்று ஒரு சூளை வீடு இருக்கும். வட்டமான செங்கல் சுவர், கூம்பு மாதிரி கூரை, உச்சியில் காற்றுக்குத் திரும்பும் வெள்ளை மரத் தொப்பி. முதல் நாள் பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்துவிட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோபுரம் என்று நினைத்துவிட்டாராம். அது பீருக்குக் கசப்பு ஏற்றுகிற சரக்கைக் காய வைக்கும் இடம் என்று அப்பா சொன்ன பிறகு ஒரு வாரம் அவருடன் பேச்சு இல்லை, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று.

நாங்கள் போன நேரம் பார்த்து அரசாங்கம் குளிர்காலத்திலும் கடிகாரத்தைப் பின்னால் தள்ளாமல் விட்டிருந்தது, 1971 வரை அப்படித்தான். காலை எட்டு மணிக்கும் கும்மிருட்டு. கையில் பளபளக்கும் பட்டை கட்டிக்கொண்டு பிள்ளைகள் வரிசையாகப் பள்ளிக்கு நடப்போம். சாலையோரச் செடியில் கை பட்டால் அரிக்கும் ஒரு காஞ்சொறி உண்டு, பக்கத்திலேயே டாக் என்று அகல இலைச் செடி வளரும், அதைக் கசக்கித் தேய்த்தால் எரிச்சல் அடங்கும் என்று எனக்குக் காட்டித் தந்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. வாசலில் வைத்த பால் புட்டியின் தகர மூடியைச் சிட்டு மாதிரி ஒரு நீலக் குருவி கொத்தி, மேலே மிதக்கும் ஏட்டைக் குடித்துவிட்டுப் போய்விடும். அம்மா அந்தப் பாலை ஊற்றவும் மனம் வராமல், எங்களுக்குக் கொடுக்கவும் மனம் வராமல் தயிருக்கு வைத்துவிடுவார்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட நினைவில் நிற்பது தேங்காய்தான். சிரிக்காதீர்கள். அந்த ஊரில் தேங்காய் கிடைக்காது. மிளகாயும் பருப்பும் வாங்கவே அப்பா மாதம் ஒருமுறை ரயிலேறி லண்டன் ட்ரம்மண்ட் தெருவுக்குப் போவார். கோடையில் தேவாலயத் தோட்டத்தில் ஒரு நாள் விழா நடக்கும், கேக், பழைய துணி, வளர்த்த பூசணிக்குப் பரிசு என்று. அதில் ஒரு ஆட்டம், கம்பத்தின் மேல் முழுத் தேங்காய் வைத்திருப்பார்கள், பந்தால் அடித்து விழத்தட்டினால் தேங்காய் நமக்கு. வெள்ளைக்காரன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அப்பா நேவல் பேஸில் கிரிக்கெட் ஆடியவர். சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார், நாலு தேங்காய் விழுந்தது. ஐந்தாவதுக்குக் கடைக்காரர் கும்பிட்டுவிட்டார். மறுநாள் எங்கள் வீட்டில் மீன் குழம்பு, துவையல், பாயசம். பாட்டிக்கும் ஒரு கிண்ணம் பாயசம் போனது. அந்தக் கிண்ணம் திரும்பி வரும்போது அதில் பிளாக்பெர்ரி ஜாம் இருந்தது. அதற்கப்புறம் எட்டு வருஷம் அந்தக் கிண்ணம் காலியாக வேலி தாண்டியதே இல்லை.

1977 ஆகஸ்டில் அப்பாயி படுத்த படுக்கையானதால் சிங்கப்பூர் திரும்பினோம். அப்புறம் பள்ளி, வேலை, கல்யாணம், ஈசூனில் வீடு. இப்போது பேத்திக்குப் பள்ளியில் "பாட்டியின் கம்பத்து வாழ்க்கை" என்று எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள், கம்பம் என்றால் இங்கே கிராமம். நான் சொன்னதை எழுதினாள். ஆசிரியர் "கற்பனை நன்று" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்!

அதைப் பார்த்துச் சிரித்த மகன், மே மாதம் உங்களைக் கூட்டிப்போகிறேன் அம்மா என்று டிக்கெட் எடுத்துவிட்டான். எனக்குத்தான் இப்போது பயம். அப்பா அம்மா இல்லை, தம்பிக்கு அந்த ஊரே சரியாக ஞாபகமில்லை. போய் எல்லாம் மாறியிருந்தால் என்னிடம் இருப்பதும் போய்விடுமோ? இப்படித் திரும்பிப் போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சிலேத்தார்க்காரன் எழுதியது:

அக்கா, நானும் இங்கிலாந்தில்தான் வளர்ந்தேன், ஆனால் சிங்கப்பூர் ஜாலான் காயு பக்கத்தில் இருந்த இங்கிலாந்தில். அப்பா சிலேத்தார் பிரிட்டிஷ் விமானத்தளத்தில் தோட்டக்காரர். கருப்பு வெள்ளை பங்களாவின் பின்னால் வேலைக்காரர் அறையில் குடியிருந்தோம். தெருப் பெயரெல்லாம் பிக்காடில்லி, பார்க் லேன், ஹைட் பார்க் கேட், லங்காஸ்டர் கேட். பத்து வயதில் யாரோ தூக்கிப் போட்ட மோனோபலி அட்டை கையில் கிடைத்தது. பார்க் லேன் இருக்கிறது, பிக்காடில்லி இருக்கிறது, ஆக்ஸ்ஃபர்டு தெரு இருக்கிறது. எங்கள் கேம்ப்பை வைத்துத்தான் அந்த ஆட்டத்தைச் செய்திருக்கிறார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பார்க் லேனுக்கு இவ்வளவு விலையா, அங்கே நாய்தானே படுத்திருக்கும் என்று அண்ணனிடம் சண்டை.

1969இல் அவர்கள் போனார்கள். நான் சில வருஷங்களுக்கு முன்பு அங்கே ஒருமுறை போனேன். விண்வெளி, விமானத் தொழிற்பேட்டைக்காகப் பெரும்பகுதி இடித்தாகிவிட்டது, மிச்சமிருக்கும் பங்களாக்கள் சிலவற்றில் உணவகம். நான் பிறந்த அறை இருந்த வளாகத்தில் ஒரு காப்பி விலை எட்டு வெள்ளி. குடித்தேன். அழுகையெல்லாம் வரவில்லை, பில்லைப் பார்த்ததும்தான் கொஞ்சம் வந்தது.

போய்ப் பாருங்கள் அக்கா. ஒன்றே ஒன்று, பழைய வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். வெளியே நின்று பாருங்கள், போதும். உள்ளே வேறு யாருடைய சோபாவோ கிடக்கும், அப்புறம் அந்தச் சோபாதான் கனவிலும் வரும்.

பழைய_நீசூன் எழுதியது:

கோபித்துக்கொள்ளாதீர்கள், மனதில் பட்டதைச் சொல்கிறேன். என் அப்பாவும் அதே தளத்தில்தான், ஸ்டோரில் இல்லை, கூலி. சைரன் ஊதினால் கான்பெர்ரா சாலை முழுக்கச் சைக்கிள்தான், அதில் ஒரு சைக்கிள் எங்களுடையது. வெள்ளைக்காரன் போனபோது கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து அனுப்பினார்கள், அதற்கப்புறம் இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் கிடைத்த வேலையெல்லாம் செய்தோம். அதனால் இங்கிலாந்துக் கிராமம், ஜாம், குருவி என்று படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் வயிறு எரிகிறது. நீங்கள் போன அதே 1968இல்தான் ஈனாக் பவல் என்ற எம்பி, நம்மைப் போன்ற ஆட்களை உள்ளே விட்டால் ரத்தம் ஓடும் என்கிற மாதிரி பேசினார். அதையெல்லாம் விட்டுவிட்டுப் புல்வெளியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்களே என்று கேட்கத் தோன்றியது.

ஆனால் எழுதிவிட்டு இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் எரிச்சலுக்குக் காரணம் அது இல்லை. நான் வளர்ந்த கம்பம் இருந்த இடத்தில் இப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடங்கள். கிணறு எந்த பிளாக்கின் கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே இருக்கிறது என்று நானும் என் தங்கையும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். அவள் மின்தூக்கிப் பக்கம் என்கிறாள், நான் குப்பைத்தொட்டிப் பக்கம் என்கிறேன். கம்பம் எப்படி இருக்கும் என்று பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட இன்னும் கம்பமாகவே இருக்கும் லோரோங் புவாங்கோக்குக்குக் கூட்டிப்போனேன், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் வெட்கமில்லாமல் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம். நான் பத்து நிமிஷம் பஸ்ஸில் போனாலும் என் ஊர் வராது. உங்களுக்குப் பதினான்கு மணி நேரம் விமானத்தில் போனால் வரும். போகாமல் இருந்தால் என் எரிச்சல் இன்னும் அதிகமாகும்.

கெண்ட்_தாதி எழுதியது:

அம்மா, நான் சிங்கப்பூர் அங் மோ கியோ பெண், தாதியாக வேலை கிடைத்து இருபது வருஷமாகக் கெண்டில் இருக்கிறேன். நீங்கள் எந்த ஊர் என்று சொல்லாததால் பொதுவாகச் சொல்கிறேன்.

மாறியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையும் தபால் நிலையமும் அநேகமாக இருக்காது, பல ஊர்களில் மூடிவிட்டார்கள். பப் இருந்தால் அதிர்ஷ்டம். சிவப்பு டெலிபோன் கூண்டு நிற்கும், ஆனால் உள்ளே போன் இருக்காது. கிராமத்தார் ஒரு பவுண்டு கொடுத்து அதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் வந்தது, இப்போது அதற்குள் பழைய புத்தகமோ, மாரடைப்பு வந்தவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியோ இருக்கும். உங்கள் அம்மா கும்பிட்ட ஓஸ்ட் பெரும்பாலும் வீடாகியிருக்கும், வட்டமான படுக்கையறையில் கட்டில் எப்படிப் போடுவது என்று தெரியாமல் பணக்காரர்கள் முழித்துக்கொண்டிருப்பார்கள். ஹாப்ஸ் தோட்டம் ரொம்பக் குறைந்துவிட்டது. எல்ம் மரங்கள் நீங்கள் இருக்கும்போதே நோயில் சாக ஆரம்பித்திருக்கும், பெரிய மரமாக இனி பார்க்க முடியாது. 1987 அக்டோபரில் ஒரே ராத்திரியில் அடித்த புயலில் மிச்ச மரங்களிலும் ஏராளம் சாய்ந்தன. செவன் ஓக்ஸ் என்று ஓர் ஊர், பெயருக்கேற்ற ஏழு ஓக் மரத்தில் ஆறு விழுந்துவிட்டது.

இனி மாறாததைச் சொல்கிறேன், இதற்காகத்தான் எழுத வந்தேன். ஒற்றையடிப் பாதைகள். இங்கே வயல் நடுவே போகும் பொதுப் பாதை சட்டப்படி வரைபடத்தில் பதிவானது. நிலத்தை வாங்கியவர் நினைத்தபடி அதை மூடிவிட முடியாது, மாற்றுவதென்றால் அறிவிப்பு, ஆட்சேபம் என்று பெரிய வேலை. அதனால் நீங்கள் பள்ளிக்கு நடந்த குறுக்குவழி அநேகமாக அப்படியே இருக்கும், அதே வேலி, ஏறித் தாண்டும் அதே மரப்படி. ஆர்ட்னன்ஸ் சர்வே என்கிற அரசு நில அளவை வரைபடத்தில் பச்சைப் புள்ளிக் கோடாகத் தெரியும், மகனை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். மே முதல் வாரம் என்றால் காட்டுக்குள் நீலமணிப் பூ கம்பளம் விரித்த மாதிரி இருக்கும், கடைசி வாரம் என்றால் முடிந்திருக்கும். காஞ்சொறி எப்போதும் இருக்கும், பக்கத்தில் டாக் இலையும்.

சாத்தம் கப்பல் தளம் 1984இல் மூடினார்கள், ஆனால் இடிக்கவில்லை, அருங்காட்சியகமாக இருக்கிறது. கயிறு திரிக்கும் கூடம் கால் மைல் நீளம், இன்றும் அங்கே கயிறு திரிக்கிறார்கள். அப்பா வேலைக்குப் போன வழியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நடக்கலாம்.

அப்புறம் தேவாலயக் கல்லறைத் தோட்டம். அந்தப் பாட்டி அங்கே இருக்கலாம். கல்லில் பெயர் எழுதியிருக்கும், பாசி படிந்திருந்தால் தேய்க்காதீர்கள், கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் எழுத்து தெரியும்.

நேவல்பேஸ்_பொண்ணு எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. கதவைத் தட்ட மாட்டேன்.

நீசூன் அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். மறக்கவில்லை. தம்பியைப் பள்ளிக்கு வெளியே பையன்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று இங்கே எழுதப் பிடிக்கவில்லை. அப்பா ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அந்த பப்புக்குள் போனதில்லை, குடிக்காதவர் என்பதால் மட்டும் இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் பட்டாசு வெடித்துக் கொண்டாடிய தீபாவளியெல்லாம் அங்கேதான். நவம்பர் 5 அவர்கள் சொக்கப்பனை கொளுத்தி வாணம் விடுவார்கள், சில வருஷம் தீபாவளி அதை ஒட்டியே வரும். மிச்ச வாணத்தை எங்கள் வாசலில் வந்து விடுங்கள் என்று பாட்டிதான் பையன்களைத் திட்டி இழுத்துவருவார், என்ன பெயர் சொன்னார்களோ அதே பையன்களை. இங்கே திரும்பி வந்தால் 1972லேயே பட்டாசுக்குத் தடை போட்டாகிவிட்டது.

கெண்ட் தங்கச்சி, நீங்கள் கல்லறை என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள். வேலி தாண்டிய அந்தக் கிண்ணம் என்னிடம்தான் இருக்கிறது. கிளம்பும் அவசரத்தில் அது நம் பக்கம் இருந்த முறை, அப்படியே பெட்டியில் வந்துவிட்டது. விளிம்பில் ஒரு சின்ன உடைசல். இப்போது அதில் பேத்தியின் ரப்பர் பேண்டுகள் கிடக்கின்றன.

சரி, ஒரு கேள்வி. கிண்ணத்தைக் காலியாகக் கொண்டுபோக மனம் வரவில்லை. முறுக்கு கொண்டுபோனால் விமான நிலையத்தில் பிடுங்குவார்களா?

கெண்ட்_தாதி எழுதியது:

என் அம்மா வரும்போதெல்லாம் இரண்டு டின் கொண்டுவருகிறார், யாரும் கேட்டதில்லை. கிண்ணத்தைப் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். எனக்கும் ஒரு பொட்டலம்.

பழைய_நீசூன் எழுதியது:

தேங்காய் மறந்துவிடாதீர்கள்.