‘குட்’ என்று எழுதியதை ‘வாஸ் ஏபிள் டு’ என்று திருத்தியது ஏன்?

கேட்டவர்:
வணக்கம். ‘நேற்றே அறிக்கையை முடிக்க முடிந்தது’ என்னும் பொருளில், அலுவலக மின்னஞ்சலில் ‘ஐ குட் ஃபினிஷ் த ரிப்போர்ட் எஸ்டர்டே’ என்று எழுதியிருந்தேன். (இது ‘நல்ல’ என்று பொருள்படும் ‘குட்’ அன்று, ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவம்.) மேலாளர் அதை அடித்துவிட்டு ‘வாஸ் ஏபிள் டு ஃபினிஷ்’ என்று மாற்றினார். இரண்டுக்கும் ‘முடிந்தது’ என்பதுதானே பொருள்?

முதல் பதில்:
திருத்தம் சரியே. உடன்பாட்டு வாக்கியத்தில் ‘குட்’ என்பது முன்பு ஒருவரிடம் பொதுவாக இருந்த திறனைச் சொல்லும். குறிப்பிட்ட ஒரு தருணத்தில் முயன்று ஒரு செயலை நிறைவேற்றியதைச் சொல்ல ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்டு டு’ வேண்டும். தமிழில் ‘முடிந்தது’ என்றாலே வேலை நடந்தேறிவிட்டது என்று பொருளாவதால், நாம் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. ‘ஐந்து வயதிலேயே அவளுக்கு நீந்தத் தெரியும்’ என்பதற்கு ‘குட்’ பொருந்தும். ‘அன்று வெள்ளத்தில் நீந்திக் கரையேற முடிந்தது’ என்பதற்கு ‘வாஸ் ஏபிள் டு’தான் பொருந்தும். ‘கேன்’ என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் ‘அறிதல்’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது என்பதால், நம்முடைய ‘தெரியும்’ அதனோடு ஒத்துப்போவதில் வியப்பில்லை.

கேட்டவர்:
நன்றி. ‘முடியவில்லை’ என்பதற்கும் இதே விதிதானா? ‘ஐ குட் ஹியர் எ நாய்ஸ்’ என்று பலர் எழுதுகிறார்களே?

இரண்டாம் பதில்:
எதிர்மறையில் ‘குடின்ட்’, ‘வாசின்ட் ஏபிள் டு’ இரண்டும் சரி. பார்த்தல், கேட்டல் போன்ற புலனுணர்வு வினைகள் ஒரே ஒரு தருணத்தைக் குறித்தாலும் ‘குட்’டை ஏற்கும். ‘வில்’லுக்குப் பின் ‘கேன்’ வராது என்பதால் அங்கே ‘வில் பி ஏபிள் டு’ என்றே எழுத வேண்டும். ‘ஆன் ஏபிள் லாயர்’ என்பதில் வரும் ‘ஏபிள்’ வேறு; அது ‘திறமை மிக்க’ என்னும் பாராட்டு.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: வேலை முடிந்த செய்தியை மட்டும் சொல்வதானால் ‘ஐ ஃபினிஷ்டு’ போதும். ‘வாஸ் ஏபிள் டு’ என்றால், ஏதோ இடையூற்றைத் தாண்டி முடித்ததாகத் தொனிக்கும்.

கேட்டவர்:
நேற்று அறிக்கையின் நடுவே கணினி இரண்டு முறை நின்றுபோனது. ஆகவே மேலாளரின் திருத்தத்தையே வைத்துக்கொள்கிறேன்.