சேமித்த பக்கத்தின் பெயரை மாற்றினால் படங்கள் போய்விடுகின்றன: ஊர்த்தளம் மூடுவதற்குள் உதவி வேண்டும்

வேலணையாள்:

வணக்கம். எங்கள் ஊருக்கு ஒரு இணையத்தளம் இருக்கிறது. கனடாவில் இருக்கும் ஊரவர் ஒருவர் 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, கைக்காசு போட்டு நடத்தி வருகிறார். பள்ளிக்கூட வகுப்புப் படங்கள், தேர்த் திருவிழா, மரண அறிவித்தல்கள், ஊர்க் கலியாணங்கள் என்று எல்லாம் அதில் கிடக்கின்றன. இப்போது அவருக்கு வயது போய்விட்டது. இந்த வருடத்தோடு நிறுத்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இவ்வளவு காலம் காத்து வைத்திருந்ததே பெரிய காரியம்.

1990 இடப்பெயர்வில் எங்கள் வீட்டு அல்பம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அம்மா எட்டாம் வகுப்பில் நிற்கும் படம் அந்தத் தளத்தில் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவது வரிசை, இடமிருந்து மூன்றாவது, இரட்டைப் பின்னல். தளம் மூடுவதற்குள் முடிந்ததையெல்லாம் வீட்டுக் கணினியில் சேமிக்கத் தொடங்கியிருக்கிறேன். விண்டோஸ் 10, குரோம்.

சேமிக்கும்போது தானாக வரும் பெயர்தான் முதல் தலைவலி. பாதிப் பக்கங்கள் 'அன்ரைட்டில்ட் டொக்கியுமென்ற்', மிச்சம் 'நியூ பேஜ் 1'. அதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று நீண்டுகொண்டே போகிறது. எதற்குள் தேர், எதற்குள் வகுப்புப் படம் என்று திறந்தால்தான் தெரியும். சரியென்று கோப்புக்கும், கூடவே வரும் கோப்புறைக்கும் தமிழில் பெயர் வைத்தால், பக்கம் திறக்கிறது, எழுத்து இருக்கிறது, படம் இருந்த இடமெல்லாம் வெறும் பெட்டி. இது ஏன்? அந்தப் படங்களைத் திரும்ப எடுக்கலாமா?

இன்னொன்று. பழைய பக்கங்கள் சிலவற்றில் தமிழே தெரியவில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ குப்பை. படத்துக்குக் கீழே இருக்கும் பெயர்களும் அப்படித்தான். அந்தப் பெயர்கள் எனக்குக் கட்டாயம் வேண்டும்.

பிற்காலத்தில் எங்கள் பிள்ளைகள் தேடினாலும் கிடைக்கிற மாதிரி எப்படிப் பெயர் வைக்கலாம் என்றும் சொல்லுங்கள்.


கொக்குவில் தம்பி:

அக்கா, கொன்ட்ரோலும் பியும் அழுத்தி எல்லாவற்றையும் பி.டி.எப் ஆக்கி வையுங்கள். ஒரே கோப்பு, என்ன பெயர் வைத்தாலும் உடையாது. என் கம்பஸ் பாடக்குறிப்புகள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன.


சுன்னாகம் கணினித் திருத்துநர்:

தங்கச்சி, பயப்பட ஒன்றுமில்லை, படங்கள் போகவில்லை. கோப்புறைக்குப் பழைய பெயரையே திரும்ப வையுங்கள், அவ்வளவும் வந்துவிடும். பழைய பெயர் நினைவில்லை என்றால் கோப்பை நோட்பாட்டில் திறந்து பாருங்கள், ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் முன்னால் அது எழுதியிருக்கும்.

காரணம் இதுதான். 'முழுப்பக்கம்' என்ற தெரிவில் சேமிக்கும்போது குரோம் இரண்டு பொருளைத் தருகிறது. எழுத்து இருக்கிற எச்.ரி.எம்.எல் கோப்பு ஒன்று. படங்களும் மற்றச் சாமான்களும் இருக்கிற கோப்புறை மற்றது. கோப்புக்குள் படம் கிடையாது, 'இன்ன கோப்புறையில் இன்ன படம்' என்ற விலாசம் மட்டும்தான். கோப்புறையின் பெயரை மாற்றினால் விலாசம் பிழைத்துவிடும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் எந்த விலாசத்திலும் கோப்பின் பெயர் இல்லை. ஆனால் அப்படி மாற்றிய பிறகு விண்டோஸ் இரண்டையும் சோடியாகப் பார்க்காது. சோடியாக இருக்கும்வரை ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கூட வரும், ஒன்றை அழித்தால் மற்றதும் அழியும். பிரிந்த பிறகு பென்ட்ரைவில் போடும்போது இரண்டையும் நீங்களே எடுத்துப் போட வேண்டும்.

நேர்வழி, சேமிக்கும் பெட்டியிலேயே சரியான பெயரை அடிப்பது. கோப்பு அதே பெயரிலும், கோப்புறை அதே பெயரோடு '_files' சேர்ந்தும் வரும், விலாசமும் பொருந்தும். ஏற்கெனவே சேமித்தவற்றுக்கு, அதைக் குரோமில் திறந்து கொன்ட்ரோல் எஸ் அழுத்திப் புதுப் பெயரில் இன்னொரு தடவை சேமியுங்கள். புதுச் சோடி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பழையதை அழிக்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பழைய கோப்பை நோட்பாட்டில் திறந்தால் மேற்பகுதியிலேயே 'இங்கிருந்து சேமிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் பக்கத்தின் முழு முகவரியும் இருக்கும். குரோமே எழுதி வைப்பது. தளம் மூடினாலும் அந்த முகவரி தேவைப்படும், குறித்து வையுங்கள்.

இனி முக்கியமான விஷயம். இதை விட்டால் மற்றதெல்லாம் செய்தும் பயனில்லை. அந்தக் காலத் தளங்களில் பக்கத்தில் தெரிவது சின்னப் படம். அதன்மேல் அழுத்தினால்தான் பெரிய படம் வரும். பக்கத்தைச் சேமித்தால் சின்னப் படம் மட்டும்தான் சேமிக்கப்படும்! பெரியது தளம் ஓடும் கணினியான சேவரில் கிடக்கும், தளம் மூடும் அன்றைக்கு அதுவும் போய்விடும். அம்மாவின் வகுப்புப் படத்தை அழுத்திப் பாருங்கள். பெரிதாகத் திறந்தால் அதன்மேல் வலப்பக்கச் சொடுக்குப் போட்டுப் படத்தைத் தனியாகச் சேமியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தங்கள் ஊர்த்தளத்தை முழுதாகச் சேமித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது. தளம் போன பிறகு பார்த்தால் எல்லாம் முத்திரை அளவுப் படங்கள், பெரிதாக்கினால் முகம் தெரியாது. அது உங்களுக்கு நடக்கக்கூடாது. இன்றைக்கே பெரிய படங்களில் இருந்து தொடங்குங்கள், எழுத்துப் பக்கங்களைப் பிறகு பார்க்கலாம்.

தம்பி சொன்ன பி.டி.எப் பாடக்குறிப்புக்கு நல்லது. வகுப்புப் படத்துக்கு வேண்டாம். ஏ4 தாளுக்கு வெட்டும்போது முன்வரிசை ஒரு பக்கத்திலும் பின்வரிசை மற்றப் பக்கத்திலும் போய் விழலாம்.

ஒரே கோப்பாகத்தான் வேண்டுமென்றால் 'சிங்கிள்பைல்' என்று உலாவியில் சேர்க்கும் ஒரு இலவச நீட்சி இருக்கிறது. குரோம், பயர்பொக்ஸ், எட்ஜ் எல்லாவற்றுக்கும் உண்டு. படங்களையும் கோப்புக்குள்ளேயே எழுத்தாக மாற்றி வைத்துவிடும். அப்படி மாற்றுவதால் படம் பிடிக்கும் இடம் மூன்றில் ஒரு பங்கு கூடும், பரவாயில்லை. கோப்புறை என்ற தொல்லையே இல்லை, விரும்பிய பெயரை வைக்கலாம். முகவரியும் சேமித்த திகதியும்கூடக் கோப்பின் தலையில் இருக்கும். குரோமிலேயே 'ஒற்றைக் கோப்பு' என்று ஒரு தெரிவு உண்டுதான், அது தருவது எம்.எச்.ரி.எம்.எல். பயர்பொக்ஸ் அதை நேரே திறக்காது. கனடாவுக்கு அனுப்புகிறவர்கள் எதிலும் திறக்கக்கூடியதை அனுப்புவதுதான் நல்லது.

குப்பை எழுத்து பாமினியாகத்தான் இருக்கும். அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளில் கனக்க விண்டோஸ் 98 தான், அதில் எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோட் முறையில் தமிழ் வராது. விண்டோஸ் 2000 உடன்தான் லதா என்ற யுனிகோட் தமிழ் எழுத்துரு வந்தது. அதனால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் நம்முடைய ஆட்கள் தளங்களைச் செய்தார்கள். பாமினியைக் கணினியில் நிறுவி, குரோமை மூடித் திறவுங்கள். பக்கம் அந்த எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் தமிழ் வந்துவிடும்.


வேலணையாள்:

அண்ணை, மிகவும் நன்றி. கோப்புறைக்குப் பழைய பெயரை வைத்தவுடன் படங்கள் எல்லாம் வந்துவிட்டன.

நீங்கள் சொன்ன மாதிரியே அம்மாவின் படத்தை அழுத்தினேன், பெரியது வேறாக இருக்கிறது! ஆசிரியரின் சட்டைப்பையில் பேனா குத்தியிருப்பதுகூடத் தெரிகிறது. பின்னால் பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரையில் ஓடு கழன்ற இடமும் தெரிகிறது. பாமினி போட்டதும் கீழே பெயர்கள் வரிசையாக வந்தன. ஒரு பெயர் பிழை என்று அம்மா சொல்கிறார். அக்காவின் பெயரைத் தங்கைக்குப் போட்டிருக்கிறார்களாம். தங்கை இப்போது பரிஸ் நகரத்தில் இருக்கிறார், கேட்டு உறுதிப்படுத்த வேண்டும்.

இனிப் பெயர் வைப்பது எப்படி என்று சொல்லுங்கள். 12/05 என்று திகதி போட்டால் விண்டோஸ் ஏற்கவில்லை.


சுன்னாகம் கணினித் திருத்துநர்:

சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, உடுக்குறி, இரட்டை மேற்கோள் எதுவும் விண்டோஸில் பெயருக்குள் வராது. சிறுகோடு போடுங்கள். வருடம் முதலில், மாதம், பிறகு நாள்: 2024-05-12. அப்படி வைத்தால் அடுக்கும்போது கால ஒழுங்கில் தானாக நிற்கும். நான் எல்லாவற்றையும் பெயரிலேயே போடுவேன், ஊர், என்ன படம், எந்த வருடத்துப் படம், எங்கிருந்து, எப்போது சேமித்தது. கணினி மாறும், மென்பொருள் மாறும், பெயர் கோப்போடு கூடவே போகும்.

கனக்கக் கோப்புகளுக்குப் பெயர் மாற்றும்போது எப் 2 அழுத்தி அடித்துவிட்டு என்ரருக்குப் பதிலாக ரப் அழுத்துங்கள், அடுத்த கோப்பின் பெயர் தானே திறக்கும். ஒன்றொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருந்தால் கை உளையும்.


ஏட்டுச்சுவடி:

நான் நூலகத்தில் வேலை செய்பவள். அண்ணை சொன்னதில் பெரும்பாலானது சரி. ஆனால் பெயருக்குள் எல்லாவற்றையும் அடைப்பதை நான் ஏற்கமாட்டேன், தமிழில் வைக்கும்போது முக்கியமாக.

விண்டோஸில் கோப்புறைகளின் பெயர்களையும் சேர்த்து மொத்தப் பாதைக்கு வழமையான எல்லை 260 எழுத்துகள். அன்ட்ரொயிட் போனிலும் லினக்ஸிலும் ஒரு பெயருக்கு 255 பைற் வரைதான். யுனிகோட் தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் 3 பைற், எழுத்தோடு சேரும் குறிக்கும் புள்ளிக்கும் தனியாக இன்னும் 3. 'மு' என்று அடித்தால் 6 போய்விட்டது. கணக்குப் பார்த்தால் 85 குறிகளோடு இடம் முடிந்துவிடும். நீண்ட தமிழ்ப் பெயர் வைத்த கோப்பு விண்டோஸில் வடிவாக இருந்துவிட்டு, அங்கே கொப்பி பண்ணும்போது பிழை காட்டும்.

ஆகவே பெயர் சுருக்கமாக, விபரம் எல்லாம் ஒரு பட்டியலில். உதாரணமாக 'வேலணை-1963-வகுப்பு8' என்று வையுங்கள். எக்செல் தாள் ஒன்றில் அதே பெயருக்கு நேரே பக்கத்தின் முகவரி, சேமித்த திகதி, படத்தில் இருப்பவர்களின் பெயர்கள், யார் சொன்னது என்று எழுதுங்கள். அம்மா சொன்ன திருத்தமும் அங்கே வரவேண்டும். 'தளத்தில் இருப்பது இது, அம்மா சொல்வது இது' என்று இரண்டையும் எழுதுங்கள். சேமித்த பக்கத்துக்குள் போய்த் திருத்தக்கூடாது. அது இருந்தபடியே இருக்கட்டும். பாமினியில் உள்ள பெயர்களையும் எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு யுனிகோடாக்கி அந்தத் தாளில் போடுங்கள், இல்லாவிட்டால் தமிழில் தேடினால் ஒருநாளும் அகப்படாது. பட்டியலை அதே கோப்புறைக்குள் வைத்தால் அண்ணை சொன்ன மாதிரி அதுவும் கூடவே போகும்.

படம் எடுத்த வருடம் வேறு, தளத்தில் ஏற்றிய வருடம் வேறு, நீங்கள் சேமித்த நாள் வேறு. பெயரில் படம் எடுத்த வருடம் மட்டும் வரட்டும். அது தெரியாவிட்டால் 'ஆண்டு தெரியாது' என்றே எழுதுங்கள், ஊகித்துப் போட வேண்டாம். பிறகு வருகிறவர்கள் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் செய்யுங்கள். இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்க இன்ரநெற் ஆக்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் உங்கள் ஊர்த்தள முகவரியை அடித்துப் பாருங்கள். இப்போது தளத்தில் இல்லாத பழைய பக்கங்களும் அங்கே கிடைக்கலாம். கிடைத்த பக்கத்தின் முகவரியில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். அதுதான் அவர்கள் படியெடுத்த நேரம்: வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், செக்கன். கிரீன்விச் நேரம், எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். அந்த எண்ணையும் பட்டியலில் போடுங்கள். அங்கே இல்லாத பக்கங்களை 'சேவ் பேஜ் நவ்' பெட்டியில் கொடுத்து ஏற்றுங்கள், பெரிய படங்களின் முகவரிகளையும் தனித்தனியே கொடுங்கள். தளம் உயிரோடு இருக்கும்வரைதான் இது முடியும். 2009 ஒக்டோபரில் யாகூ, ஆட்கள் சொந்தப் பக்கங்கள் வைத்திருந்த ஜியோசிற்றிஸ் தளத்தை மூடியபோது சேமிக்கப்படாமல் விடுபட்ட பக்கங்கள் போனதுதான்.

தளத்தை நடத்தியவரிடம் ஒரு சொல் கேட்டுப் பாருங்கள். அவர் முழுத்தளத்தையும் சுருக்கிக் கட்டிய ஒரு சிப் கோப்பாகத் தந்தால் சின்னப் படம், பெரிய படம் என்ற சிக்கலே இல்லை. கோயில் மலர், பாடசாலை மலர் ஏதும் அவரிடம் இருந்தால் நூலகம் திட்டத்துக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் மலர்களையும் எண்ணிமப்படுத்தி எல்லாரும் படிக்க வைத்திருக்கிறார்கள்.


கொக்குவில் தம்பி:

சிப் என்றதும் நினைவுக்கு வந்தது. தமிழ்ப் பெயருள்ள கோப்புகளைப் பழைய விண்டோஸ் கணினியில் சிப் பண்ணினால் ஏற்காது, அல்லது மற்றப் பக்கத்தில் பெயர் சிதைந்து போகும். அக்கா, 7-சிப் என்ற மென்பொருளைப் போட்டுச் செய்யுங்கள். அனுப்பிய பிறகு ஒரு கோப்பையாவது அங்கே திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.


வேலணையாள்:

அக்கா சொன்ன பட்டியலைத் தொடங்கிவிட்டேன். பெயர் சுருக்கம், மிச்சம் தாளில். சுன்னாகத்து அண்ணை, குறை நினைக்க வேண்டாம், திகதி எழுதும் முறை உங்களுடையதுதான்.

தளக்காரரோடு நேற்றிரவு வட்ஸ்அப்பில் கதைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எப்போதோ தந்திருப்பேன் என்றார். சேவரின் கடவுச்சொல்லை மகனிடம் கேட்டு எடுத்துத் தருவதாகச் சொன்னார். அது வரும்வரை பெரிய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருப்பேன். பரிஸுக்கும் அழைப்பு எடுத்தாயிற்று. அம்மா சொன்னது சரி, படத்தில் நிற்பது தங்கைதான். தாளில் இரண்டு பெயரையும் எழுதி, யார் சொன்னது என்றும் போட்டுவிட்டேன்.