வள்ளி குகை திருச்செந்தூருக்கு எப்படி வந்தது?

உப்புக்காற்று:
போன வாரம் திருச்செந்தூர் போயிருந்தோம். கோயிலுக்கு வடக்கே கடலோரம் இருக்கிற வள்ளி குகைக்குள் குனிந்து, கிட்டத்தட்ட தவழ்ந்து போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, அவ்வளவு புழுக்கம். பிள்ளையார் யானையாக வந்து மிரட்டியபோது வள்ளி ஓடி ஒளிந்த இடம் இதுதான் என்று வரிசையில் நின்ற ஓர் அம்மா சொன்னார். சரி, ஆனால் வள்ளி தினைப்புனம் காத்தது வேலூர்ப் பக்கம் வள்ளிமலையில்தானே? யானைக்குப் பயந்து இவ்வளவு தூரமா ஓடி வந்திருப்பாள்?

தேரிமண்:
வள்ளிமலை மட்டும்தான் என்று யார் சொன்னது அண்ணாச்சி? கந்தபுராணம் அந்தப் பக்கம் சொல்கிறது, உண்மைதான். ஆனால் குமரி மாவட்டத்தில் குமாரகோவிலுக்குப் போய்க் கேளுங்கள், வேளிமலைதான் வள்ளியின் ஊர் என்பார்கள். பங்குனியில் அங்கே வள்ளி கல்யாணத்துக்கு முன் குறவர் படுகளம் என்று ஒரு சண்டையே நடக்கும், பெண்ணைக் கொண்டுபோனவனோடு அவளுடைய ஆட்கள் மோதுவதாக. இலங்கைக்குப் போனால் கதிர்காமம் என்பார்கள். எங்கள் ஆச்சி எந்த மலை என்று கேட்டதே இல்லை. "பிள்ள பயந்து வந்து ஒளிஞ்சா" என்பாள், அவ்வளவுதான். குகைப் பக்கம் மரத்தில் அவள் தொட்டில் கட்டி வேண்டிப் பிறந்தவர்தான் எங்கள் பெரியப்பா, அதனால் வீட்டில் யாரும் இந்தக் கதையில் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை!

கல்லும்மண்ணும்:
கதை இருக்கட்டும், கல்லைப் பார்த்தீர்களா? குகை இருக்கிற குன்றுக்குச் சந்தனமலை என்று பெயர்தான், எல்லாம் மணற்பாறை, தேய்த்தால் விரலில் மணல் ஒட்டும். கோயிலின் பழைய கட்டடமும் அந்த மாதிரிக் கல்தான், உப்புக்காற்று அரித்து அரித்துத்தான் மௌனசாமி, காசிசாமி, ஆறுமுகசாமி போன்ற துறவிகள் திருப்பணியை எடுத்துச் செய்ய வேண்டி வந்தது. பக்கத்திலேயே நாழிக்கிணறு, கடல் கூப்பிடு தூரம், தண்ணீரோ குடிக்கிற மாதிரி இருக்கும். படைவீரர்களின் தாகம் தீர முருகன் வேலால் குத்தினான் என்பார்கள். மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் கனமான உப்புநீருக்கு மேலே நிற்கும் என்று நான் சொன்னால் வீட்டில் முறைக்கிறார்கள்.

உப்புக்காற்று:
தொட்டில்களைக் கவனிக்கவே இல்லையே! அம்மாவுக்கு முழங்கால் வலி, அடுத்த தடவை கூட்டிப் போனால் உள்ளே போக முடியுமா?

தேரிமண்:
வேண்டாம். வாசலிலேயே உட்கார வையுங்கள், அங்கேதான் காற்று.