பம்ப் உதிரிபாகங்களுக்கு ஒரே எச்.எஸ். குறியீடு: நான் கண்ட ஒரு சரக்கு

இறக்குமதிச் சரக்குகளை எச்.எஸ். முறையில் (பொருள்களுக்குக் குறியீட்டு எண் தரும், நாடுகளுக்குப் பொதுவான சுங்க வகைப்பாட்டு முறை) வகைப்படுத்துவதில் நேர்ந்த அனுபவங்களை உறுப்பினர்கள் பலரும் எழுதிவருவதால், அடிக்கடி சிக்கலுக்கு உள்ளாகும் இயந்திர உதிரிபாகங்களைப் பற்றி நானும் எழுதுகிறேன்.

ஓர் இறக்குமதியாளருக்கு மையவிலக்குப் பம்புகளுக்கான உதிரிபாகங்கள் வரவிருந்தன. விற்பனையாளர் அனுப்பிய இன்வாய்ஸில் இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று திரவத்தைத் தள்ளும் சக்கரம்), எஃகு போல்ட், பால் பேரிங், ரப்பர் வளையம், கேஸ்கெட் (இணைப்புகளுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தட்டையான அடைப்பு), மெக்கானிக்கல் சீல் (சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அமைப்பு) என எல்லா வரிகளுக்கும் எதிரே 8413.91 என்ற ஒரே குறியீடு இருந்தது. அது பம்புகளின் பாகங்களுக்கு உரிய துணைத்தலைப்பு. எல்லாமே பம்புக்குள் போகிற பொருள்கள் என்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அதில் பிழையே தெரியாது. ஆனால், தலைப்புகளின் சொற்களையும் பிரிவுக் குறிப்புகள், அத்தியாயக் குறிப்புகள் ஆகியவற்றையும் கொண்டே வகைப்படுத்த வேண்டும் என்றும், பிரிவுகளின் பெயர்கள் தேடும் வசதிக்காக மட்டுமே தரப்பட்டவை என்றும் எச்.எஸ். முறையின் பொது விளக்க விதிகளில் முதலாவது விதியே சொல்லிவிடுகிறது.

எனவே இயந்திரங்களுக்கான 16ஆம் பிரிவின் குறிப்புகளை வைத்துக்கொண்டு இன்வாய்ஸை வரி வரியாகப் பார்த்தோம். எஃகு போல்ட்டுகள் பொதுப் பயன்பாட்டுப் பாகங்கள் என்பதால் அந்தப் பிரிவிலிருந்தே விலக்கப்பட்டு 7318க்குப் போயின. பேரிங்குக்கு 8482 என்ற தனித் தலைப்பு இருப்பதால், எந்த இயந்திரத்துக்காக வாங்கினாலும் அதன் இடம் அதுதான். வல்கனைஸ் செய்த (கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கிய) மென்ரப்பர் வளையங்கள் 4016.93, மெக்கானிக்கல் சீல் 8484.20. விற்பனையாளர் எழுதிய குறியீடு கடைசியில் இம்பெல்லருக்கு மட்டுமே பொருந்தியது.

அதிக நேரம் எடுத்தது கேஸ்கெட்தான். இன்வாய்ஸில் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு விவரம் இல்லை. கேட்டலாக்கிலோ அளவுகள் மட்டுமே இருந்தன. மாதிரி ஒன்றை வரவழைத்து, அதன் விளிம்பைக் கத்தி முனையால் பிரித்துப் பார்த்தபோது, இரண்டு கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய எஃகுத் தகடு ஒன்று தெரிந்தது. உலோகத் தகட்டுடன் வேறு பொருள் சேர்த்துச் செய்த கேஸ்கெட்டுகளுக்கு உரிய இடம் 8484.10. அது முழுவதும் மென்ரப்பரால் ஆனதாக இருந்திருந்தால், ரப்பர் வளையங்களோடு சேர்ந்து 4016.93க்குப் போயிருக்கும். பெயரும் பயனும் ஒன்றாகவே இருந்தாலும், எதனால் ஆனது என்பதைப் பொறுத்து இரண்டும் வேறு வேறு அத்தியாயங்களில் விழுகின்றன. இந்த விவரத்தை இன்வாய்ஸிலேயே எழுதும்படி விற்பனையாளரை வற்புறுத்துவது இறக்குமதியாளரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

தம் நாட்டில் இதே குறியீட்டில் பல முறை ஏற்றுமதி செய்திருப்பதாக விற்பனையாளர் வாதிட்டார். முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது என்பது உண்மைதான். ஆயினும் தீர்வை பெரும்பாலும் இறக்குமதியின்போதே விதிக்கப்படுவதால், தவறான குறியீட்டால் வரும் கூடுதல் தீர்வையும் அபராதமும் இறக்குமதியாளரின் தலையில்தான் விழும். ஐயம் தீராத பொருளுக்குச் சரக்கு புறப்படும் முன்பே மாதிரியும் வரைபடமும் இணைத்து அதற்கு எந்தக் குறியீடு என்று சுங்கத்துறையிடம் முன்கூட்டிய தீர்ப்பு கேட்கலாம். 2017 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிதாக்க ஒப்பந்தம் இதற்கு வழிசெய்கிறது. அடுத்த சரக்கில் வரவிருந்த, கலவைப் பொருளால் ஆன இரண்டு வகைக் கேஸ்கெட்டுகளுக்கு அப்படியே விண்ணப்பித்தோம்.

மறுமொழி:

குறியீடு முன்பு சரியாக இருந்து பின்னர் பொருந்தாமல் போவதும் உண்டு என்பதை இதனுடன் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். நான் உதவிய ஒரு நிறுவனம் ஸ்மார்ட்போன்களுக்கு 8517.12 என்ற குறியீட்டைத் தன் பொருள் பட்டியலில் வைத்திருந்தது. 2022 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த எச்.எஸ். பதிப்பில் அந்தத் துணைத்தலைப்பே நீக்கப்பட்டு, ஸ்மார்ட்போன்களுக்கு 8517.13 என்ற புதிய இடம் தரப்பட்டது. டிரோன்களுக்கும் 8806 என்ற தனித் தலைப்பு அப்போதுதான் வந்தது. பட்டியலைத் திருத்தாமல் தாக்கல் செய்த ஆவணம் திரும்பி வந்த பிறகே அந்த நிறுவனத்தினர் காரணத்தைத் தேடினர். உலகச் சுங்க அமைப்பு வெளியிடும் பழைய, புதிய குறியீடுகளின் ஒப்பீட்டு அட்டவணையை வைத்து முழுப் பட்டியலையும் சரிபார்த்தோம். அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருவதால், நீண்ட கால ஒப்பந்தங்கள் வைத்திருப்பவர்கள் இந்தச் சரிபார்ப்பை இப்போதே தொடங்குவது நல்லது.